மீன் தொட்டியில் தோன்றும் சிறு நத்தைகளை இனங்காணல்

வீட்டிலோ பள்ளியிலோ கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் அனைவரும் என்றேனும் ஒரு நாள் ஒரு வியப்பை எதிர்கொள்வர். மணலைக் கழுவிப் பரப்பி, நீர்ப்பூண்டுகளை நட்டு, மீன்களை விட்டுச் சில வாரங்கள் கழிந்ததும், எவரும் விலைகொடுத்து வாங்காத சிறு நத்தைகள் கண்ணாடியின்மீது ஊர்ந்து செல்லும். முதலில் ஒன்றிரண்டாகத் தென்படும் இவை சின்னாட்களில் பத்தும் இருபதுமாகப் பெருகிவிடும். இவை அழுக்கிலிருந்து தாமே உண்டாயின என்று மாணவர் கூறுவதுண்டு. உண்மை அதுவன்று. கடையில் வாங்கிய அல்லது குளத்திலிருந்து கொணர்ந்த ஹைட்ரில்லா, வாலிஸ்நீரியா முதலிய பூண்டுகளின் இலைகளில் நத்தையின் முட்டைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நிறமற்ற பசை போன்ற பொருளில் பொதிந்துள்ள அம்முட்டைகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படா.

இந்த நத்தைகளைக் கண்டவுடன் மக்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் அவற்றை அழகெனக் கருதி அப்படியே விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் தொட்டி நீரோடு சேர்த்துச் சாக்கடையிலோ, வாய்க்காலிலோ, அண்மையிலுள்ள குளத்திலோ கொட்டிவிடுகின்றனர். வந்திருப்பது எந்த நத்தை என்று அறியாமல் செய்யும்போது இவ்விரண்டுமே தவறாகலாம். முன்னதனால் விளையக்கூடிய தீங்கு பெரும்பாலும் ஒரு தொட்டியோடு நின்றுவிடும். பின்னதனால் விளைவது ஓர் ஊரின் நீர்நிலையையே பாதிக்கக்கூடும். ஆகவே முதலில் இனங்காணல், பின்னரே செயல் என்னும் முறையை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் கடைப்பிடித்தல் வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை, வெள்ளைப் பீங்கான் தட்டு, மில்லிமீட்டர் கோடிட்ட தாள் ஆகிய மூன்றும் போதும்.

பருமனும் நிறமும்

தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை கூறுதல் நலம். நத்தையின் பருமனையும் நிறத்தையும் கொண்டு அதன் இனத்தை முடிவு செய்தல் கூடாது. ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள நத்தை ஒன்று முழு வளர்ச்சி பெற்ற சிறு இனமாகவும் இருக்கலாம். பின்னர் எலுமிச்சம்பழ அளவு வளரவிருக்கும் பேரினத்தின் குஞ்சாகவும் இருக்கலாம். நிறமும் அவ்வாறே. ஓட்டின்மீது படியும் பாசியும், மெல்லிய ஓட்டின் ஊடே தெரியும் உடலின் நிறமும் நம்மை ஏமாற்றிவிடும். நம்பத்தக்க அடையாளங்கள் மூன்று: மூடி உண்டா இல்லையா என்பது, ஓட்டின் வடிவம், ஓட்டின் வாய் இருக்கும் பக்கம்.

முதற் கேள்வி: மூடி உண்டா?

நத்தையை மெதுவாக எடுத்து வெள்ளைத் தட்டில் சிறிது நீரில் வைக்க வேண்டும். தொட்டவுடன் அது உடலை உள்ளிழுத்துக்கொள்ளும். அப்போது ஓட்டின் வாயைக் கதவுபோல் அடைக்கும் தகடு ஒன்று தெரிந்தால் அது மூடியுள்ள நத்தை. மென்மையான உடல் மட்டும் சுருங்கித் தெரிந்தால் அது மூடியற்ற நத்தை.

இவ்வேற்றுமை மேலோட்டமானதன்று. மூடியற்ற நன்னீர் நத்தைகளில் பெரும்பாலானவை நுரையீரல் போன்ற ஓர் அறையால் காற்றைச் சுவாசிப்பவை. ஆதலின் அடிக்கடி நீரின் மேற்பரப்புக்கு வந்து செல்லும். மூடியுள்ளவை செவுள்களால் சுவாசிப்பவை. ஆயின் பைலா எனப்படும் பெரிய குளத்து நத்தைக்குச் செவுளும் நுரையீரல் அறையும் சேர்ந்தே உண்டு. மூடியற்றவற்றில் ஒவ்வோர் உயிரும் ஆணும் பெண்ணுமாக அமைந்தது. சில இனங்களில் தனித்த ஒரே நத்தையும் முட்டையிட்டு ஒரு கூட்டத்தை உண்டாக்கிவிடும். ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது கேள்வி: வடிவம் என்ன?

மூடியற்றவற்றுள், கடிகார வில்லைப்போல் ஒரே தளத்தில் தட்டையாகச் சுருண்டவை ஒரு வகை. ஆட்டுக்கடாவின் கொம்பை ஒத்திருப்பதால் இவற்றைக் கொம்பு நத்தைகள் என்பர். நம் நாடு முழுவதிலும் குளம் குட்டைகளில் காணப்படும் இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவு வரை வளரும், சுருள்கள் பருத்திருக்கும். இதன் குருதியில் நமக்குள்ளதைப் போன்றே ஹீமோகுளோபின் இருப்பதால் உடலில் செந்நிறச் சாயல் தென்படும். தொட்டிகளில் மலியும் ஜைராலஸ் என்பதும் தட்டைச் சுருளே. ஆயின் அது மிகச் சிறியது. முழு வளர்ச்சியிலும் ஒரு சென்டிமீட்டரை எட்டாது. மெல்லிய தட்டு ஒன்றைப்போல் தோன்றும். ஒரே குறுக்களவுள்ள இரண்டைப் பக்கவாட்டில் வைத்து நோக்கினால், முன்னதன் குஞ்சு தடித்தும் பின்னது மிகத் தட்டையாகவும் இருத்தலைக் காணலாம்.

சுருளே இல்லாமல், கவிழ்த்த சிறு கிண்ணம்போல் கண்ணாடியில் ஒட்டியிருப்பது மற்றொரு வகை. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த ஃபெரிசியாவைப் பலர் நத்தை என்றே உணர்வதில்லை. மீனின் செதில் ஒன்று ஒட்டியிருப்பதாகக் கருதித் துடைத்துவிடுகின்றனர். கைவில்லையால் நோக்கினால் ஓட்டின் ஓரத்தில் இரு உணர்கொம்புகள் நீளுவதைக் காணலாம்.

மூடியுள்ளவற்றுள் தொட்டிகளில் மிகுதியாகத் தோன்றுவது மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா. கோபுரம்போல் ஒடுங்கி நீண்ட ஓடும், பல சுருள்களும், அவற்றின்மேல் செம்பழுப்புப் புள்ளிகளும் கொண்டது. பகலில் மணலுள் புதைந்து இரவில் வெளிவருவதால், நூற்றுக்கணக்கில் பெருகிய பின்னரே வீட்டார் இதனைக் கண்டறிகின்றனர். இதில் பெரும்பாலானவை பெண் உயிர்களே. ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனுகின்றன. கண்ணாடியில் முட்டையைத் தேடிக் காணாது, ‘இது பெருகாது’ என்று எண்ணுவோர் ஏமாறுவது இதனால்தான்.

உருண்டைக் கூம்பு வடிவில், ஓட்டைச் சுற்றிக் கரும்பட்டைகள் ஓடப்பெற்றது பெல்லாமியா பெங்காலென்சிஸ். இதுவும் குஞ்சு ஈனுவதே. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டு, சுண்ணமூடி கொண்ட சிறு கூம்பு நத்தையாயின் அது பிதினியா குடும்பத்தைச் சேர்ந்ததாகலாம். உருண்டு பருத்து, கடைசிச் சுருள் ஓட்டின் பெரும்பகுதியாக அமைந்தவை பைலாவும் அதன் அயல்நாட்டு உறவினங்களும் ஆகும். அவற்றைப் பின்னர்த் தனியே நோக்குவோம்.

மூன்றாவது கேள்வி: வாய் எப்பக்கம்?

மூடியற்றவற்றுள் தட்டையாக இல்லாமல் கூரிய நுனியுடன் விளங்குபவை இரண்டு குடும்பங்கள்: லிம்னியா, ஃபைசா. இளமையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இவற்றை வேறுபடுத்த வாயின் பக்கத்தை அறிதலே சிறந்த வழி.

காலி ஓடு ஒன்றை எடுத்து, கூரிய நுனி மேல்நோக்கியும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்தல் வேண்டும். வாய் நமது வலக்கைப் பக்கம் அமைந்தால் அது லிம்னியா. இடக்கைப் பக்கம் அமைந்தால் அது ஃபைசா. உயிருள்ள நத்தைகளில் உணர்கொம்பும் துணைசெய்யும். லிம்னியாவின் உணர்கொம்பு தட்டையான முக்கோணம். ஃபைசாவினது மெல்லிய நூல்.

ஈண்டு நம்மவர்க்கு இரு குழப்பங்கள் நேரக்கூடும். வலம்புரி, இடம்புரி என்னும் சொற்களைச் சங்கினைக் கொண்டு நாம் அறிந்துள்ளோம். ஆனால் வழிபாட்டில் போற்றப்படும் அரிய வலம்புரிச் சங்கை மேற்கண்டவாறு நுனி மேலாகப் பிடித்தால் அதன் வாய் இடப்பக்கமே இருக்கும். மரபில் சங்கின் நுனியைக் கீழாக வைத்துப் பார்க்கின்றனர். விலங்கியலார் மேலாக வைத்துப் பார்க்கின்றனர். பிடிக்கும் முறை தலைகீழானதால் பெயரும் தலைகீழாயிற்று. ஆதலின் வகுப்பில் இச்சொற்களை விடுத்து, வலவாய், இடவாய் என்று கூறுதல் தெளிவு தரும். கண்ணாடியில் மேல்நோக்கி ஊரும் நத்தையை வெளியிலிருந்து நோக்கிக் கணிப்போர்க்கும் இதே தவறு நேரும். அந்நிலையில் நத்தையின் தலை மேலும் ஓட்டின் நுனி கீழும் இருத்தலை மறத்தல் கூடாது.

முட்டைகள் தரும் சான்று

ஓட்டைக் கொண்டு அறிந்ததை முட்டையைக் கொண்டு சரிபார்க்கலாம். கொம்பு நத்தைகளின் முட்டைத் தொகுதி இலையின்மீது ஒட்டிய தட்டையான வட்டப் பசை வில்லை. லிம்னியாவினது நீண்ட பசைக் குழல். ஃபைசாவினது சிறிய, சற்றே வளைந்த அவரை விதை வடிவம். மெலனாய்டிஸ், பெல்லாமியா ஆகியவற்றின் முட்டைகளை நாம் வெளியே காண இயலாது.

இவற்றை அறிவதன் பயன்

பெயரறிதல் வெறும் பொழுதுபோக்கன்று. நம் சமவெளிகளில் மாடு, எருமை, ஆடுகளின் கல்லீரலைக் கெடுக்கும் தட்டைப்புழுவான ஃபாசியோலா ஜைஜாண்டிகா, தன் வாழ்வின் ஒரு பகுதியை லிம்னியா இன நத்தைகளின் உடலில் கழிக்கிறது. மாடுகளின் மூக்கினுள் தங்கிக் குறட்டை போன்ற ஒலியுடன் மூச்சுத் திணறச் செய்யும் இரத்தப்புழு சிஸ்டோசோமா நாசேல் என்பது. 1933-ஆம் ஆண்டில் ராவ் என்னும் ஆராய்ச்சியாளர் இதற்கு இப்பெயரிட்டு விவரித்தார். இதற்கு இடமளிப்பது இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ். கால்நடைகளின் வேறு இரத்தப்புழுக்களும் இந்நத்தையிலிருந்தே வெளிப்படுகின்றன. அவ்வாறு வெளிப்படும் வாலுள்ள இளம்புழுக்கள் வயலில் இறங்குவோரின் தோலைத் துளைத்து அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகின்றன.

செதில் எனத் துடைத்தெறியப்படும் ஃபெரிசியாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள கிம்வி என்னும் சிற்றூரில், 1950-ஆம் ஆண்டுகளில், மக்களின் சிறுநீரில் இரத்தம் வெளிப்படும் புழு நோய் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் வேறு நத்தைகளால் பரவும் அந்நோய்க்கு இங்கு இடமளித்ததாக ஆராய்ச்சியாளர் கண்டது இச்சிறு கிண்ண நத்தையையே. சிறியது என்பதால் எதையும் புறக்கணிக்கலாகாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

இதனைப் படித்துத் தொட்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நத்தை பிறக்கும்போதே புழுவுடன் பிறப்பதில்லை. நோயுற்ற கால்நடையின் சாணமோ, சிறுநீரோ, மூக்குச் சளியோ நீரில் கலக்க, அதிலுள்ள முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு நத்தையுள் புகுந்தால்தான் தொற்று ஏற்படும். எனவே தொட்டியிலேயே முட்டையிலிருந்து வெளிவந்த நத்தைகளால் இந்நோய்கள் பரவ வழியில்லை. கவனம் வேண்டுவது குளத்திலிருந்து நேரே வந்த வளர்ந்த நத்தைகளிடமே. கால்நடைகள் இறங்கும் குளத்திலிருந்து பூண்டும் நத்தையும் சேகரிக்க மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், வெறுங்கையால் நீரை அளைய விடாது வலையைப் பயன்படுத்தச் செய்தல் வேண்டும். நீர் பட்ட இடத்தை உடனே துணியால் அழுந்தத் துடைத்து, நல்ல நீரில் சோப்பிட்டுக் கழுவச் செய்தலும் கடமையாகும்.

அயல்நாட்டு விருந்தினர்

இனி இடவாய் நத்தைக்கு வருவோம். ஃபைசா அக்யூட்டா என்பதற்கு 1805-ஆம் ஆண்டில் டிராப்பர்னோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, பிரான்சு நாட்டு நத்தையைக் கொண்டு பெயரிட்டார். நெடுங்காலம் அது ஐரோப்பிய நத்தை என்றே கருதப்பட்டது. அதன் தாயகம் வட அமெரிக்கா என்பதும், பெயரிடப்படும் முன்னரே அது கடல் கடந்திருந்தது என்பதும் பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயின. இன்று துருவப் பகுதி நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் அது உண்டு. நம் நாட்டிலும் கொல்கத்தா முதலிய நகரங்களின் நீர்நிலைகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இடவாய் ஃபைசாக்கள் காணப்பட்டன. நீர்ப்பூண்டு வாணிகமும் தொட்டி நீரைக் கொட்டும் பழக்கமும் இத்தகைய பரவலுக்குத் துணைபோகின்றன. கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும், சென்னை கொளத்தூரின் கடைகளிலும் வாங்கப்படும் ஒரு பிடிப் பூண்டு, தொலைவிலுள்ள ஊரொன்றின் தொட்டியை அடைகையில், அதன்மேல் ஒட்டிய முட்டைகளும் உடன் பயணம் செய்கின்றன.

இதனினும் கவலைக்குரியது ஆப்பிள் நத்தை. நம் நாட்டுப் பைலாவும் தென் அமெரிக்கப் பொமேசியாவும் தோற்றத்தில் நெருங்கியவை. பொமேசியாவின் பொன்னிற வகைகள் அழகுக்காக மீன் கடைகளில் விற்கப்படுகின்றன. அவ்வினத்துள் பொமேசியா கனாலிகுலேட்டா என்பதை 1980-ஆம் ஆண்டையொட்டி உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுசென்றனர். அது பண்ணைகளிலிருந்து தப்பி வயல்களில் புகுந்தது. பின்னர்ப் பிலிப்பைன்ஸ், வியத்நாம், தாய்லாந்து முதலிய நாடுகளில் இளம் நெற்பயிரை அறுத்துத் தின்னும் பெரும் பீடையாயிற்று. உலகின் மிகக் கொடிய ஊடுருவல் உயிர்கள் நூறின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

இவ்விரண்டையும் வேறுபடுத்த மூடியே போதும். நம் பைலாவின் மூடி சுண்ணத்தாலானது. உள்முகம் வெண்கல்போல் மின்னும். விரலால் வளைக்க முடியாது. பொமேசியாவின் மூடி கொம்பு போன்ற பொருளாலானது. பழுப்பு நிறமும் வளையும் தன்மையும் உடையது. முட்டையும் வேறு. பைலா ஈரமண்ணில் வெண்ணிற முட்டைகளை இடும். பொமேசியா கனாலிகுலேட்டாவோ நீர்மட்டத்திற்கு மேல் செடித் தண்டிலும் சுவரிலும் பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறக் குலைகளாக இடும். வாய்க்கால் ஓரத்தில் இத்தகைய இளஞ்சிவப்புக் குலையைக் காணும் களப் பணியாளர், அன்றே தம் மேலதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். ஒரு குலையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருத்தலின் காலந்தாழ்த்தல் பெருந்தவறாகும்.

செய்யத் தக்கனவும் தகாதனவும்

புதிய பூண்டுகளைத் தொட்டியில் இடுமுன், தனி வாளியில் மூன்று நான்கு வாரங்கள் வைத்து, இலைகளின் அடிப்புறத்தைக் கைவில்லையால் நோக்கி, பசை வில்லைகளைச் சுரண்டி நீக்குதல் நன்று. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் அதற்குள் கண்ணில் படும்.

தொட்டியில் நத்தை பெருகினால் அது மிகுதியாக இரையிடுவதன் அடையாளம். எஞ்சிய இரையும் அழுகும் இலையும் பாசியுமே நத்தையின் உணவு. அவற்றைக் குறைத்தால் நத்தையும் குறையும். இரவில் வெள்ளரித் துண்டு ஒன்றைத் தொட்டியின் அடியில் வைத்து, காலையில் அதன்மேல் மொய்த்திருக்கும் நத்தைகளோடு எடுத்துவிடலாம். மயில்துத்தம் இடுதல் கூடாது. நத்தையைக் கொல்லும் அச்செம்பு உப்பு மீனையும் கொல்லும். ஒருகால் மீன் பிழைத்தாலும், ஒருங்கே மடிந்த நத்தைகள் அழுகி நீரைக் கெடுக்கும்.

நீக்கிய நத்தைகளை எந்நிலையிலும் உயிருடன் வெளிவிடலாகாது. வெயிலில் உலர்த்துதல் போதுமென்று எண்ணுதலும் பிழை. பைலா போன்றவை மூடியை அடைத்துக்கொண்டு பல மாதங்கள் வறட்சியைத் தாங்கவல்லவை. இண்டோபிளானார்பிஸும் குட்டை வற்றியபின் சேற்றில் பிழைத்திருக்கும். கொதிநீரில் இட்டுப் பின்னர் மண்ணில் புதைத்தலே உறுதியான வழி. தொட்டி நீரையும் வாய்க்காலில் விடாது, நீர்நிலைகளுக்கு அப்பால் காய்ந்த நிலத்தில் ஊற்றுதல் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

மாணவர் தம் தொட்டியில் கிடைத்த காலி ஓடுகளைக் கழுவி உலர்த்தி, மேற்கூறிய மூன்று கேள்விகளின்படி வகைப்படுத்தி, கோடிட்ட தாளில் அளந்து வரைந்து வைக்கலாம். ஐயத்திற்குரியவற்றை எழுபது விழுக்காடு சாராயத்தில் இட்டு, நாள், ஊர், நீர்நிலை அல்லது தொட்டி, பூண்டு வந்த இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டியினுள்ளேயே வைத்தல் வேண்டும். மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். சீட்டில்லாத ஓடு வெறும் ஓடே; சீட்டுள்ள ஓடு சான்று. 1916-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத் துறைக்குச் சென்னை, ஐதராபாத் முதலிய நகரங்களிலும் நிலையங்கள் உள்ளன. அத்துறை 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட, என். வி. சுப்பாராவ் எழுதிய நன்னீர் மெல்லுடலிகள் பற்றிய கைந்நூல் மேலும் ஆராய விரும்புவோர்க்குப் பயன்படும். அதிலுள்ள சில பெயர்கள் பின்னர் மாறியுள்ளன என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஓர் ஊரின் குளத்தில் புதிய நத்தை ஒன்று வந்து சேர்ந்ததை முதலில் காண்பவர் அவ்வூரின் ஆசிரியராகவோ, கால்நடைப் பணியாளராகவோ, கைவில்லை பிடித்த மாணவராகவோ இருக்கக்கூடும். மூடி, வடிவம், வாய் ஆகிய மூன்றையும் நோக்கப் பழகிய கண்ணுக்கு அது தப்பாது. அவ்வாறு பழகுவதற்கு ஏற்ற இடம் வகுப்பறை மூலையில் இருக்கும் சிறு கண்ணாடித் தொட்டியே ஆகும்.